இரண்டாம் தடவை சொன்ன செய்தி

ரேடியோக்காரருக்கு,

சொன்னதையே திருப்பிச் சொல்கிறீர்கள் என்றுதானே மல்லுக்கட்டிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தேன்!

செவ்வாய்க்கிழமை சமுதாய வானொலியில் நீங்கள் வாசித்த உடல்நலச் செய்தி, முதல் தடவை மிக்ஸி சத்தத்தில் போய்விட்டது. இரண்டாம் தடவைதான் கேட்டது: "திடீர்னு வாய் கோணினா, பேச்சு குழறினா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் வாயோரம் காபி வழிந்துகொண்டிருந்தது.

நல்ல நேரத்தில் கொண்டுவந்ததாக டாக்டர் என்னைப் பாராட்டினார். கையெடுத்துக் கும்பிட வேண்டியது உங்களைத்தான்.

உங்கள் குரல் கேட்டாலே எழுந்துபோகும் அம்மா, இப்போது பறவைச் செய்தி, நாடகச் செய்தி எதையும் விடுவதில்லை. நேற்று பேச்சு தெளிந்ததும், "மாப்பிள்ளையை வரச் சொல்லு" என்றாள். கேட்காத மாதிரி ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன்.

"மாப்பிள்ளையை வரச் சொல்லு" என்றாள் மறுபடியும்.

இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

கோபம் இன்னும் முழுசாகத் தீராத,
உங்கள் மனைவி