காலியாக இருந்த கட்டம்

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் சின்னப் பிசகு. நோயாளியின் பெயர் ஓரிடத்திலும், அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து வேறிடத்திலும் பதிவாகும். ஏதாவது கோளாறில் மருந்து பதிவாகாவிட்டால் கம்ப்யூட்டர் பெயரையும் நீக்கிவிட்டு இரண்டையும் மறுபடி கேட்க வேண்டும். நான் எழுதிய புரோகிராம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. உன் வயதுள்ள ஓர் அம்மாளுக்கு ஆகாத ஊசியைப் போட்டுவிட்டார்கள்.

"ஒத்துக்காத மருந்துன்னு போட்ட கட்டம் காலியா இருந்துச்சும்மா. ஒண்ணும் இல்லன்னுதானே நினைப்போம்?" என்றார் நர்ஸ் அக்கா.

அந்த அம்மாளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. புரோகிராமைத் திருத்திவிட்டேன். இனி பாதிப் பதிவு எதுவும் உள்ளே தங்காது. போட்ட ஊசியைத்தான் திரும்ப எடுக்க முடியாது.

கவலைப்படாதே, என்னை யாரும் திட்டவில்லை. சின்ன வயதில் எந்த மாத்திரையால் எனக்கு உடம்பெல்லாம் தடித்தது? பெயரை எழுதி அனுப்பு. இங்கே யாராவது கேட்டால் சொல்ல எனக்கே தெரியாது.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்