விற்க மாட்டேன் என்பதற்கு ஒரு கோடி

காக்ஸ் டவுன், பெங்களூரு
12 ஜூலை 2025

அன்புள்ள கில்பர்ட்டுக்கு,

டென்சில் எழுதுவது. இங்கே நானும் ஐரினும் நலம். நீயும் குளோரியாவும், குளோரியாவின் முழங்காலும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போனில் ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவதோடு சரி என்று பதினாறு வருஷத்தை ஓட்டிவிட்டவன், திடீரென்று பக்கம் பக்கமாக எழுதினால் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று பயப்படுவாய். அப்படி எதுவும் இல்லை. நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன், அதில் உன் பெயர் மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மாதம் 22ஆம் தேதிக்குள் உன் கையெழுத்து ஒன்று வேண்டும்.

அவசரமானதை முதலில் சொல்லிவிட்டேன். மற்றதை ஆற அமரப் படி.

நம் இணையப் பக்கம் ஞாபகம் இருக்கிறதா? டொரெல்லா பெங்களூர் டாட் காம். 2004இல் வீலர் ரோட்டு பிரவுசிங் சென்டரில், ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து பதிவு செய்தோமே. டொரெல்லா ஸ்கூட்டர் கம்பெனியை அப்போது மூடிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பார்ட்ஸ் கிடைக்காமல் ஊரெல்லாம் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதைத் திறந்து ஓடவைக்க நம் ஒர்க்‌ஷாப்பை விட்டால் ஆள் கிடையாது. நம் ஒர்க்‌ஷாப் பெயரிலேயே பதிவு செய்யலாம் என்று நீ சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. நம்மை யாருடா தேடப்போகிறார்கள், டொரெல்லாவைத்தானே தேடுவார்கள் என்று வாதாடினேன். கிரெடிட் கார்டு உன்னிடம்தான் இருந்தது, அதனால் உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயர் போயிற்று.

நீ எழுதிய கார்புரேட்டர் குறிப்பு இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் காதைக் கொடு, அப்புறம் ஸ்க்ரூடிரைவரைக் கொடு என்று ஆரம்பித்திருப்பாய். இன்றைக்கும் சேலத்திலிருந்தும் கோலாரிலிருந்தும் அதைப் படித்துவிட்டுப் போன் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துப் பதினோரு வண்டியில் நந்தி மலைக்குப் போன படங்களும் இருக்கின்றன. தேவனஹள்ளி தாண்டி அப்பாதுரை அண்ணனின் வண்டி நின்றுபோய், அவர் வண்டியோடு கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாரே, அந்தப் படம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பஸ் ஜன்னலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீ கீழே நின்று கைகூப்பிக் கெஞ்சிக்கொண்டிருப்பாய். அண்ணன் போன வருஷம் தவறிவிட்டார். உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நீ பெர்த்துக்குப் போன பிறகும் நான் அந்தப் பக்கத்தை மூடவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப்பித்துவிடுவேன். அப்போது உரிமையாளர் விவரத்தை மாற்ற வேண்டுமா என்று திரையில் கேட்கும். மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை, எத்தனையோ தடவை ஐரினே சொல்லிவிட்டாள். நான் மாற்றவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை உன் பெயர் அங்கே வரும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

போன வருஷம் டொரெல்லா உயிரோடு திரும்பி வந்தது. வடக்கே ஏதோ ஒரு பெரிய கம்பெனி அந்தப் பெயரை வாங்கி, பேட்டரி ஸ்கூட்டர் போட்டிருக்கிறார்கள். ஊரெல்லாம் பேனர். நானும் சந்தோஷப்பட்டேன். மே மாதம் அவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. டொரெல்லா என்பது எங்கள் டிரேட்மார்க், அந்தப் பெயரை வைத்து நீங்கள் வைத்திருக்கும் இணைய முகவரியை ஒப்படையுங்கள் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இவர்கள் மூடிவிட்டுப் போன வண்டியை இருபது வருஷம் தெருவில் ஓடவைத்தது யார்? அந்தக் கோபத்தில் நான் செய்ததைக் கேள். ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? விற்க மனமில்லாத சாமானை ஒருவன் கேட்டால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். கேட்டவன் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டும்படி ஒரு விலையைச் சொல்வார்கள். உன் நீல வண்டியைக் கேட்ட ரிச்சர்ட்ஸ் டவுன் டாக்டரிடம் நீ ஒரு வீட்டின் விலையைச் சொல்லவில்லையா? அவரும் புரிந்துகொண்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதே பழக்கத்தில் நானும் அவர்களுக்கு ஒரே வரியில் பதில் போட்டேன்: ஒரு கோடி ரூபாய் கொடுத்தால் யோசிக்கிறேன். அந்த மெயில் கணக்கு நாம் அன்றைக்குத் திறந்தது, உன் பெயரில் இருப்பது. கீழேயும் கில்பர்ட் என்றே போட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெடப்போவது உன் பெயர்.

போன வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆஸ்டின் டவுன் சரவணனின் மகள் தாரணி இப்போது இந்த மாதிரி வழக்குகள் பார்க்கிறாள், அவளிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். படித்துக்கொண்டே வந்தவள் ஏழாவது பாராவில் நிறுத்திவிட்டாள். பிரபலமான பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொள்ளை விலைக்கு விற்கும் கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கிறார் என்று உன் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார்கள். சாட்சிக்கு என் ஒரே வரி. அது விற்க மாட்டேன் என்று அர்த்தம் அம்மா, ஜே.சி. ரோட்டில் யாரை வேண்டுமானாலும் கேள் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சொன்னாள்:

"எழுத்துல விலை சொல்லிட்டா, விக்க ரெடின்னுதான் அர்த்தம் அங்கிள். ஜே.சி. ரோடு அவங்களுக்குத் தெரியாது."

அவள் விளக்கியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. ரிப்பேர் செய்கிறவன் கம்பெனி பெயரை உச்சரிக்கவே கூடாது என்று சட்டம் இல்லை. டொரெல்லா வண்டி பழுது பார்க்கப்படும் என்று போர்டு மாட்டலாம். ஆனால் முகவரியே டொரெல்லா பெங்களூர் என்று இருந்தால், பார்க்கிறவர் கம்பெனியின் கிளை என்றுதான் நினைப்பார். எங்களுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரிகூட நாம் போடவில்லை. அப்படியும், கம்பெனி மூடிக் கிடந்தபோது வாங்கியது என்று வாதாடக் கொஞ்சம் இடம் இருந்ததாம். என் ஒரு கோடி அதையும் அடைத்துவிட்டது. 22ஆம் தேதிக்குள் ஒப்படைக்காவிட்டால், இணைய முகவரி வழக்குகளைத் தீர்க்கும் நடுவரிடம் புகார் கொடுப்பார்களாம்; தீர்ப்பு வந்தால் அதை இணையத்தில் போடுவார்கள். யார் தேடினாலும் உன் பெயர் வரும், என் பெயர் எங்கேயும் வராது. நீ அங்கே அரசாங்கத்தில் வண்டிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறவன். உன் நேர்மைதான் உனக்குச் சோறு போடுகிறது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதும் என் வீம்பு போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போராடுவோம் என்றுதான் இருந்தேன். புதன்கிழமை தேவனஹள்ளியிலிருந்து சந்திரம்மா என்று ஓர் அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு தூறலில் நனைந்தபடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, புது பேட்டரி ஸ்கூட்டர் புக் பண்ண வேண்டும் என்று நம் பக்கத்தைப் பார்த்து வந்தவர். கையில் மஞ்சள் பையில் ஆதார் நகல், போட்டோ எல்லாம் தயார். இது ஷோரூம் இல்லை அம்மா என்று சொன்னேன். அவர் கிரீஸ் படிந்த தரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேரு உங்களுது இல்லன்னா எதுக்குண்ணா போட்டீங்க?" என்று கேட்டார். கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி உண்மையான ஷோரூமுக்கு அனுப்பிவிட்டு, தாரணிக்குப் போன் செய்து பெயரைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். நீ எழுதிக் கையெழுத்திட்டு ஒப்படைத்தால் புகாரைக் கைவிடுவதாக அவர்கள் வக்கீல் எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார். படங்களும் உன் குறிப்பும் நம்முடையவைதான், பெயர் மட்டும்தான் போகிறது. அவற்றை எல்லாம் காக்ஸ் டவுன் ஸ்கூட்டர் என்று ஒரு சாதாரண முகவரிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை தாரணி தேடிப் பார்த்து, அது யாருடைய டிரேட்மார்க்கும் இல்லை என்று சொன்ன பிறகுதான் வாங்கினேன்.

இவ்வளவு எழுதிய பிறகு இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி எப்போதும் எழுத மாட்டேன். 2009இல் நீ கிளம்பிய அன்று நான் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. ஒரு வண்டி டெலிவரி இருக்கிறது என்று சொன்னேன். டெலிவரி எதுவும் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். உன்மேல் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம்தான். பிள்ளைகளின் படிப்புக்காகப் போகிறவனைப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தெரியாத கோபம். அது எப்போதோ தணிந்துவிட்டது. தணிந்துவிட்டது என்று சொல்லத்தான் வழி தெரியவில்லை.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். தாரணி உனக்கு மெயிலிலும் அனுப்பியிருக்கிறாள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே, என்னை நம்பிப் போட்டதெல்லாம் போதும். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன்.

உரிமையாளர் நேரில் வந்துதான் கையெழுத்திட வேண்டுமா என்று தாரணியிடம் கேட்டேன். தேவையே இல்லை அங்கிள், பெர்த்தில் இருந்தபடியே போட்டு, போனில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்றாள். மறுநாளும் போய்க் கேட்டுப் பார்த்தேன். அதையேதான் சொன்னாள்.

மாதா உன்னையும் உன் வீட்டாரையும் காக்கட்டும்.

உன்,
டென்சில்