பன்னிரண்டாம் அத்தியாயத்தை மட்டும் படித்தவர்கள்

அருமை அண்ணிக்கு, உங்கள் சாந்தாமணி நிறைய அன்போடும் அதைவிட நிறைய எரிச்சலோடும் எழுதிக்கொள்வது.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் நித்யாவுக்கு ஹிஞ்சவாடியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. காலையில் கம்பெனி வண்டி கசார்வாடி வீட்டு வாசலுக்கே வந்து ஹார்ன் அடிக்கிறது. பாதி இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடுகிறாள். அண்ணனின் லேத் பட்டறை வழக்கம்போல ஓடுகிறது. நாங்கள் வாகட்டில் வாங்கிய ஃப்ளாட்டுக்கு இன்னும் லிஃப்ட் போட்டுத் தரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அந்த பில்டரைப் பிடித்து அடுத்த கதையில் வில்லனாகப் போட்டிருப்பீர்கள்.

இனி கெட்ட சேதி. நம் புனே தமிழ் மன்றத்தில் உங்களுக்கு நினைவஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள் அண்ணி. சீ, அதை எந்த வாயால் சொல்வது? ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். மன்றத்து மலரில் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்வேன். போடாவிட்டால் நகல் எடுத்து அவர்கள் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டிவிட்டு வருவேன்.

நம் தமிழ் மன்றத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். உறுப்பினர் ஒருவர் தவறிவிட்டால் அவர் எதில் பெயர் எடுத்தாரோ அதை வைத்தே அஞ்சலி. பாடினவர் போனால் பாட்டுக் கச்சேரி. செஸ் ஆடினவர் போனபோது ஆளுக்கொரு பலகையோடு உட்கார்ந்தார்கள். நீங்கள் நாவல் எழுதினவர். ஆகவே 'வாசகர் கருத்தரங்கம்' என்று எழுதி, உங்கள் படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் உங்கள் நாவலையும் சாய்த்து வைத்திருந்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்காக நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஆபீஸ் மதிய இடைவேளைகளில், டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு நீங்கள் எழுதியது. டெல்லியிலிருந்து மத்திய உளவு அதிகாரிகள் இருவர் புனேவுக்கு வருகிறார்கள். தாரிணி, அரவிந்த். எதிர் ஃப்ளாட்டில் கள்ளநோட்டு அடிக்கும் கும்பலைக் கண்காணிக்கக் கணவன் மனைவியாக நடித்து வீடு எடுக்கிறார்கள். நடிப்பு எந்த இடத்தில் நிஜமாகிறது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. கடைசியில் கண்டாலா மலை ரோட்டில் கார் துரத்தல், ஹெலிகாப்டர், எல்லாம் உண்டு. நீங்கள் வைத்த தலைப்பு 'எதிர் ஜன்னல்'. மாத நாவல் போடுகிற பதிப்பாளர் அதை 'கண்டாலாவில் ஒரு கைவிலங்கு' என்று மாற்றி, அட்டையில் ஈரப் புடவையோடு துப்பாக்கி பிடித்த பெண்ணைப் போட்டுவிட்டார். கதையில் தாரிணி ஓர் இடத்தில்கூட நனையவில்லை என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

அப்போது வந்த வாசகர் கடிதங்கள் நினைவிருக்கிறதா? தாராபுரத்திலிருந்து ஒரு அம்மா, படித்துக்கொண்டே இருந்ததில் குக்கர் அடி பிடித்துப்போனதை எழுதியிருந்தார். துப்பாக்கியை இப்படியா பிடிப்பார்கள் என்று சேலத்துக்காரர் ஒருவர் ஒரு முழு பக்கத்துக்குத் திட்டியிருந்தார். திட்டின கடிதத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பப் படித்துச் சிரித்தீர்கள். முழுக்கப் படித்தவருக்குத் திட்ட உரிமை உண்டு என்றீர்கள்.

அன்று கருத்தரங்கத்தில் பேசியவர்களுக்கு அந்த உரிமை இருந்ததா என்று நீங்களே பாருங்கள்.

முதலில் செயலாளர் சபேசன். "மறைந்த சகோதரி தைரியசாலி. பன்னண்டாம் அத்தியாயத்தை ஒரு குடும்பப் பொம்பளை எழுதறதுன்னா தனி தைரியம் வேணும்" என்றார். சபையில் ஒரு கிளுகிளுப்பு. அடுத்து எழுந்தவர் விமலா அக்கா, வருஷா வருஷம் உங்கள் வீட்டுப் பொங்கல் சோற்றைச் சாப்பிட்டவர். "நான் தப்பா சொல்லலை. ஆனா அனுபவம் இல்லாம இவ்வளவு ஒரிஜினலா வருமா?" என்றார். கராடியிலிருந்து வந்திருந்த சாஃப்ட்வேர் பையன் ஒருவன், உங்களைப் பார்த்தே இராதவன், "ஹீரோவுக்கு ரியல் லைஃப்ல யாராவது மாடல் இருந்தாங்களா?" என்று ஆவலாகக் கேட்டான்.

அதற்குப் பதில் சொல்லவும் ஓர் ஆள் இருந்தார் அண்ணி. உங்கள் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய மனிதர், பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. "எங்க ஆபீஸுக்கு டெல்லியிலேர்ந்து ஆடிட் பார்ட்டி வரும். பதினஞ்சு நாள் தங்குவாங்க. அவ்ளோதான் நான் சொல்வேன், சமஜ்தாருக்கு இஷாரா காஃபி, புரிஞ்சவங்களுக்கு ஜாடையே போதும்" என்று கண்ணைச் சிமிட்டினார். மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சிமிட்டினார். செத்துப்போனவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு சுற்றி நின்று மோப்பம் பிடிக்கிற கூட்டத்துக்கு அஞ்சலி என்று பேர்!

என் பக்கத்தில் நித்யா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஒரு பக்கம் தாண்டுவதற்குள் தலைவலி என்று மூடிவிடுவாள். அம்மா எழுதிய நாவலை அவள் படித்ததே இல்லை. "அத்தை, அந்த சாப்டர்ல என்ன இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் முகத்தை நீங்கள் பார்க்காதது நல்லது.

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றேன். "கள்ளநோட்டு அடிச்சது யாருங்க? அவம் பேரென்ன?" என்று கேட்டேன்.

விமலா அக்கா சபேசனைப் பார்த்தார், கண்ணைச் சிமிட்டின பெரிய மனிதரும் சபேசனைத்தான் பார்த்தார். சபேசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அது கடைசில வருதுங்க மேடம். நான் இன்னும் அங்க போகலை" என்றார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மன்றத்தில் இருந்தது ஒரே ஒரு பிரதி. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. பெரியவர்களிலும் பாதிப் பேருக்கு வருஷக்கணக்கில் மராத்தி போர்டையும் இங்கிலீஷ் பேப்பரையும் பார்த்துப் பார்த்துப் பழக்கம் விட்டுப்போயிற்று. ஆகவே சபேசன் படித்துவிட்டு ஃபோனில் எல்லோருக்கும் கதை சொல்வதாக ஏற்பாடு. அந்த மகானுபாவர் புரட்டிப் பார்த்ததே பன்னிரண்டாம் அத்தியாயம் ஒன்றைத்தான். அதையும் தன் கைச்சரக்கைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அன்று கேட்ட அத்தனை 'வாசகர் கருத்தும்' அந்த ஒரு வாயிலிருந்து புறப்பட்டவை.

வெட்கப்பட்டார்களா என்கிறீர்களா? "விடுங்க மேடம், அஞ்சலிக் கூட்டத்துல சண்டை எதுக்கு" என்று சொல்லி சமோசா தட்டை நீட்டினார்கள். நான் தொடவில்லை. அண்ணன் முன் வரிசையில் கைகளை மடியில் கோத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். பாவம், பட்டறை உண்டு தான் உண்டு என்று இருக்கிற மனுஷன், நாவலைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார், என்ன பேசுவார் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்து உங்கள் வீட்டுக்குப் போனால், உங்களுக்குப் பதிப்பாளர் கொடுத்த பிரதிகள் அடங்கிய அட்டைப்பெட்டி லாஃப்டிலிருந்து இறங்கி வாசலருகே இருக்கிறது. பழைய பேப்பர் எடுக்கும் ரத்திவாலா வருவான், போட்டுவிடு என்றார் அண்ணன். நான் கத்தினேன். நித்யா உள்ளேயிருந்து வந்தாள். "கொண்டு போகட்டும் அத்தை. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கலை" என்றாள்.

அண்ணன் சொன்னதைத் தாங்கிவிட்டேன். பெற்ற பிள்ளை சொன்னது என்னால் தாங்க முடியவில்லை. யாரோ தெருவில் போகிறவன் சொன்னதை வைத்துக்கொண்டு அம்மாவைத் தூக்கிப் போடுவாளா? அவள் மேல் வந்த ஆத்திரத்தையும் அடக்கிக்கொண்டு ஒரு பேரம் பேசினேன். நான் முழு நாவலையும் வாசிக்கிறேன், நீ கேள், கேட்டு முடித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் நானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். வேண்டாவெறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தோம். முதல் நாள் செல்ஃபோனை நோண்டிக்கொண்டே கேட்டாள். கதையில், கல்யாண ஃபோட்டோ காட்டினால்தான் சாவி என்று அடம்பிடிக்கிற வீட்டுக்கார மராத்தி அம்மா வந்ததும் ஃபோனைக் கீழே வைத்தாள். அவசரத்துக்கு ஸ்டூடியோவுக்கு ஓடிப்போய், வாடகை மாலை போட்டுக்கொண்டு அந்த இரண்டு அதிகாரிகளும் ஃபோட்டோ எடுத்துக்கொள்கிற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா இவ்ளோ ஃபன்னியா?" என்றாள். அண்ணன் உள் அறையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும் வராது.

பன்னிரண்டாம் அத்தியாயம் வந்தது. "எதையும் ஸ்கிப் பண்ணக்கூடாது" என்று நித்யா சொல்லிவிட்டாள். சரி, இவ்வளவு பேரை நாக்கைத் தொங்கப்போட வைத்த அந்த அத்தியாயத்தில் என்னதான் நடக்கிறது? மழையில் மின்சாரம் போய்விடுகிறது. தாரிணிக்குக் காய்ச்சல். அரவிந்த் இஞ்சி தட்டிப்போட்டு டீ வைத்துக் கொடுக்கிறான், காலைப் பிடித்துவிடுகிறான். அவள் தூக்கத்தில் அவன் கையைப் பற்றிக்கொள்கிறாள். எழுந்தால் அவள் விழித்துக்கொள்வாள் என்று கால் மரத்துப்போக விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறான். விடிந்ததும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள். இவ்வளவுதான்! இதற்கா அந்தக் கிளுகிளுப்பு?

வாசித்த வேகத்தில் ஏதோ ஒரு வரி விட்டுப்போயிற்று போலிருக்கிறது. உள் அறையிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"ஒரு வரிய விட்டுப்போட்ட அம்மிணி. 'எங்கே வலிக்கிறது என்று அவன் கேட்டான். அதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.' அது டீக்கு முன்னால வரும்."

நானும் நித்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புத்தகத்தைப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"அப்பா, நீங்க இதைப் படிச்சிருக்கீங்களா?"

"வந்தப்பவே படிச்சேன். அப்பறமும் படிச்சிருக்கேன்."

"அப்புறம் அங்க ஏன் சும்மா உட்கார்ந்திருந்தீங்க? அந்த அங்கிள் அப்படிக் கேவலமா பேசும்போது? அதுல ஒண்ணுமே இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

அண்ணன் வாசற்படியில் வந்து நின்றார். "என்னத்தப் பேசறது கண்ணு? நான் ஒரு நாள் உங்கம்மாளுக்கு டீ வச்சுக் குடுத்ததில்ல. எங்க வலிக்குதுன்னு கேட்டதில்ல. அப்பறம் இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? எவனோ ஒருத்தன் கேட்டிருக்கோணுமில்ல?"

கூட்டத்தில் வந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை அண்ணி. கூடப் பிறந்தவரைப் பார்த்து அப்படி ஒரு அருவருப்பு வரும் என்று நான் நினைத்ததில்லை. அந்த ஆபீஸ் மனிதர் சொல்வதற்கு வருஷங்களுக்கு முன்பே இவர் அதே சாக்கடையில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். நீங்கள் படுக்கையில் கிடந்த மாதங்களில், மாத்திரையை எடுத்து உங்கள் கையில் வைக்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் வைத்தாரா? அப்போதாவது எங்கே வலிக்கிறது என்று கேட்டாரா?

நித்யாதான் பேசினாள். "அப்பா, அம்மா ஹெலிகாப்டர்லயும் போனதில்ல. அதையும்தான் எழுதிருக்காங்க. அதுக்கு யாரைத் தேடப் போறீங்க?"

நான் சொன்னேன்: "ஒருத்தன் கேட்டிருந்தா அண்ணி அதை எழுதியே இருக்க மாட்டாங்கண்ணா. ஒருத்தனும் கேக்காமப் போனதாலதான் எழுதினாங்க."

அண்ணன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன், நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவும் இல்லை. நித்யா அட்டைப்பெட்டியைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மிச்ச அத்தியாயங்களை அவள் கட்டிலில் உட்கார்ந்து வாசித்து முடித்தேன். முடித்ததும் அவள் சொன்ன வாசகர் கருத்து இதுதான்: கார் துரத்தல் ரொம்ப நீளம், ஆனால் தாரிணி மாதிரி ஒருத்தி டீம் லீடாக வந்தால் சம்பளம் வாங்காமலேயே வேலை செய்வாளாம்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை அண்ணி. அவர் படிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? படிப்பார், படித்துவிட்டாவது கேட்பார் என்றுதான் அந்த வரியை எழுதினீர்களா? பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தீர்களா?

அதற்கு இனி யார் பதில் சொல்வது? என்னால் முடிந்ததை நான் செய்கிறேன். அடுத்த கூட்டத்தில் உங்கள் நாவலை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கப் போகிறோம் என்று சபேசனிடம் சொல்லிவிட்டேன், சமோசா வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தை அண்ணன் வாசிப்பார். முடியாது என்றார், நான் விடவில்லை. அந்த வரி வரும்போது அவருக்குக் குரல் அடைத்தால் அடைக்கட்டும், சபை காத்திருக்கும். உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று அவர் வாய்விட்டுக் கேட்காமல் அந்தக் கூட்டத்தை நான் கலைய விடமாட்டேன். இது சத்தியம்.

பிறந்த வீட்டை விட்டுவிட்டு உங்கள் கட்சியில் சேர்ந்துவிட்ட நாத்தனார்,
சாந்தாமணி