புதிய தளத்தில் இல்லாத படம்

2006 ஆகஸ்ட் 7, திங்கள்

காற்றே இல்லை. எங்கள் கம்ப்யூட்டர் கடைக்குள் காலையிலேயே வெக்கை. நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியின் வெப்சைட்டைப் புதுசாக்கும் வேலை இன்று ஆரம்பம். கடை திறந்த புதிதில் என் வீட்டுக்காரரும் நானும் செய்து கொடுத்தது. இப்போது பார்த்தால் கூச்சம். திரையை மூன்றாக வெட்டும் ஃபிரேம். கட்டத்துக்குள் கட்டமாக டேபிள். ஓயாமல் பொரியும் மத்தாப்பு. அத்தனையையும் புது சாஃப்ட்வேரில், சி.எஸ்.எஸ். என்கிற புது முறைப்படி திரும்ப எழுத வேண்டும். சீசன் ஆர்டர் வருவதற்குள்.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது. வாங்கணும்.

ஆகஸ்ட் 9, புதன்

ஒரு விஷயம் புரியவில்லை. பழைய சைட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கவுண்டர். முகப்புக்கே ஆள் குறைவு. ‘எங்கள் தொழிலாளர்கள்’ பக்கத்துக்கு மட்டும் அதைப்போலப் பல மடங்கு. அதில் இருப்பது ஒரே படம். பேக்கிங் மேசையில் மூன்று பெண்கள். இரண்டு பேர் குனிந்து சிரிக்கிறார்கள். நடுவில் இருப்பவள் நேராகப் பார்க்கிறாள். நாற்காலியை எந்தப் பக்கம் தள்ளினாலும் என்னையே.

இவரிடம் சொன்னேன். “கேமராவப் பார்த்தா அப்படித்தான் தெரியும்.” பிரிண்டர் சர்வீசுக்குக் கிளம்பிவிட்டார்.

கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டேன். அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அந்தப் பக்கம் புதுசுல வேண்டாம்மா. எடுத்துருங்க.”

“ஏன் சார்?”

“நடுவுல இருக்குல்ல, மாரீஸ்வரி. வெடிமருந்து ரூம்ல தீப்பிடிச்சுருச்சு. அந்தப் பிள்ளை இப்ப இல்லம்மா.”



ஆகஸ்ட் 11, வெள்ளி

புது சைட் ஏற்றியாச்சு. சுத்தமாக, வேகமாகத் திறக்கிறது. பழைய பக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அவள் பக்கம் வந்ததும் கை நின்றது. படத்தை மட்டும் ஒரு சி.டி.யில் போட்டுவிட்டு அழித்தேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

அரை நாள்தான் கடை. இவர் விருதுநகரில். நான் மட்டும்.

போன். எடுத்தால் மூச்சு மட்டும். வைத்தேன். மறுபடி. மறுபடியும் மூச்சு. அப்புறம் ஒரு பெண் குரல், உதடு ஒட்டாமல் பேசுகிற மாதிரி.

“படத்தைக் காணோம்.”

“எந்தப் படம்மா?”

“மூணு பேரு இருப்போம்ல. நடுவுல நான்.”

வைத்துவிட்டாள். ரிசீவர் என் கையிலேயே இருந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு, நல்ல வெயிலில் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன். ஆட்கள் இருக்கும் இடமாக வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 14, திங்கள்

இவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மேனேஜருக்கு அவரே போன் போட்டு என்னிடம் தந்தார்.

“செத்துப்போச்சுன்னா சொன்னேன்? வேலையில இல்லன்னு சொன்னேம்மா. அது பொளச்சுக்கிருச்சு. மூஞ்சிதான்...” நிறுத்திக்கொண்டார். “மொதலாளிக்கு அந்தப் படத்தைப் பார்க்க முடியல. அதான் எடுக்கச் சொன்னது.”

பயம் போய்விட்டது என்று எழுதலாம். பொய்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வந்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். ஒரு கண் மட்டும் வெளியே. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். உட்காரச் சொல்லவே நேரமானது.

“ஞாயித்துக்கிழமையெல்லாம் பிரவுசிங் சென்டருக்குப் போவேங்க. அங்கன எடுத்துக் குடுப்பாக. திரும்பத் திரும்பத் தெறந்து பார்த்துட்டுப் போயிருவேன். படத்துக்கு அடியில ஒங்க கடைப் பேரும் நம்பரும் கிடந்துச்சு. எழுதி வச்சிருந்தேன்.”

கவுண்டர் அவ்வளவு ஏறியதற்கு இவள்தான் காரணம்.

“படம் எங்கிட்ட இருக்கு. பெருசா பிரிண்ட் போட்டுத் தரவா? காசு வேண்டாம்.”

“வேண்டாங்க.”

“ஏன்?”

“வீட்டுல மாட்டுனா எம் மக யாருன்னு கேக்கும்.”

தீப்பிடித்தபோது மகள் கைக்குழந்தையாம். அந்தக் குழந்தைக்கு அம்மா முகம் என்றால் இப்போது இருப்பதுதான். நான் தண்ணீர் கொடுத்தேன். திரும்பி நின்று குடித்தாள்.

ஆகஸ்ட் 21, திங்கள்

மேனேஜரிடம் எல்லாம் சொன்னேன். கடைசியில், “மெனுவுல போடாதீக. பக்கம் மட்டும் இருந்துட்டுப் போகட்டும். மொதலாளி அங்கெல்லாம் தேடிப் போகமாட்டாக,” என்றார்.

சி.டி.யிலிருந்து படத்தைத் திரும்ப ஏற்றினேன். புது முறையில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதியே ஆகவேண்டும், கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டுவதற்காக. ‘பேக்கிங் மேசையில் மூன்று பெண்கள்’ என்று எழுதினேன். அழித்தேன். ‘நடுவில் மாரீஸ்வரி’ என்று எழுதினேன். பக்கத்தைச் சோதித்தேன். தவறு ஏதும் இல்லை என்று வந்தது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

யு.பி.எஸ். பழுது. இவர் பேட்டரி வாங்கப் போயிருந்தார். மாரீஸ்வரி வந்தாள். என் மெஷினிலேயே பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். திரைக்குக் கிட்டே போய், முந்தானையை விலக்கிவிட்டுப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

“இம்புட்டு ஒல்லியாவா இருந்தேன்,” என்றாள்.

அப்போது கரண்ட் போனது. திரை கறுத்தது. வாசல் வெளிச்சத்தில் திரைக் கண்ணாடியில் அவள் முகம், படம் இருந்த அதே இடத்தில். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுக்கவில்லை. விசிறி சுற்றி நின்றது.

“எப்பங்க வரும்?”

“தெரியல. நேரமாகும். நீங்க வேணும்னா போயிட்டு...”

திரையிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னாள்.

“இருக்கேன்.”