ஏழரை மணி நேரம் குறைவு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஒக்கலிபுரத்திலிருந்து பெங்களூர் விமான நிலையம் போய்ச் சேர இரண்டு மணி நேரம். இன்று பறக்க அல்ல. கேப்டன் பயிற்சிக்கு விண்ணப்பம் கொடுக்க.

கம்பெனி கேட்பது: லைசென்ஸ், மெடிக்கல், மூவாயிரம் மணி நேரம் பறந்த அனுபவம். எல்லாம் கையில். போன வாரம்தான் மூவாயிரத்தைத் தாண்டினேன். 3001:50. வீட்டில் பாயசம்கூட ஆயிற்று.

ஆவணப் பிரிவு மஞ்சுநாத் என் பழைய லாக் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார்.

"மேடம், இங்க இன்ஸ்ட்ரக்டர் சைன் இல்ல, அல்வா? இந்தப் பக்கம் கணக்குல வராது."

அவருடைய கன்னட அல்வாவுக்கு 'இல்லையா' என்று பொருள். எனக்குக் கிடைத்தது தமிழ் அல்வா.

அந்தப் பக்கத்தில் 9:20. பயிற்சிப் பள்ளி நாட்கள். பள்ளியை மூடிவிட்டார்கள். பயிற்சியாளர் இப்போது எந்த நாட்டிலோ. குறுக்குக் காற்றில் இறங்கக் கற்றுக்கொண்டது அந்த ஒன்பது மணி நேரத்தில்தான். வியர்த்துக் கொட்டியது இன்னும் நினைவிருக்கிறது. காகிதத்துக்கு நினைவில்லை.

மீதி 2992:30. குறைவது 7:30. கடைசி நேரம் வெள்ளி மாலை ஐந்து. அடுத்த பேட்ச் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நிலா பிறந்தபோது இரண்டு வருடம் பறக்கவில்லை. கூடச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இப்போது இடது இருக்கையில், கேப்டனாக. நான் மட்டும் வலது பக்கத்தில், கோ-பைலட்.

அம்மா: "ஏழரையா? உனக்கு வேற நம்பரே கெடைக்கலையாடி?"

ஜூலை 9, புதன்

டெல்லி போய் வந்தேன். நல்லவேளை, ஏற்கெனவே ரோஸ்டரில் இருந்தது. போக 2:50, வர 2:55. இன்னும் 1:45.

நிலாவுக்குக் கிரேயான் வாங்க மறந்துவிட்டேன். கோபம்.

ஜூலை 10, வியாழன்

ஸ்டாண்ட்பை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு மணி வரை போன் பக்கத்திலேயே. அடித்தது ஒரே ஒரு தடவை. கேஸ் சிலிண்டர். யாருக்காவது காய்ச்சல் வரட்டும் என்று நினைத்துவிட்டு வெட்கப்பட்டேன்.

நாளை எனக்கு ஓய்வு நாள். அதாவது முடிந்தது.

மாலையில் தினேஷ் கூப்பிட்டான். மதுரைப் பையன், எனக்கு ஆறு வருடம் ஜூனியர். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது போல. "மாலினிக்கா, நாளைக்குக் காலைல எனக்குச் சென்னை போயிட்டு வர்ற டூட்டி. நீங்க எடுத்துக்கோங்க. ரோஸ்டர்ல பேசிட்டேன், உங்க ரெஸ்ட் டைம் எல்லாம் சரியா இருக்காம்."

"உனக்கு ஹவர்ஸ் வேணாமாடா?"

"எனக்குத் தூக்கம் வேணும்க்கா."

சென்னை போக ஒரு மணி, வர ஒரு மணி. போதும். செந்திலிடம் சொன்னேன். கட்டிக்கொண்டார்.

ஜூலை 11, வெள்ளி

போகும்போது 0:58. குறைவது 0:47. கேப்டன் அலெக்ஸ். அவருக்கும் தெரிந்திருந்தது.

சென்னையில் 10:05-க்கு விமானம் நகர்ந்தது. நகர்ந்த நிமிடத்திலிருந்து, வந்து நிறுத்தும் நிமிடம் வரை கணக்கு. 10:52 ஆகவேண்டும். எப்போதும் ஆகும். இன்று ஓடுபாதையில் வரிசையே இல்லை. மேலே ஏறியதும் பெங்களூருக்கு நேர்வழி கொடுத்தார்கள். மற்ற நாளில் கேட்டாலும் கிடைக்காதது. ரேடியோ என்னிடம். நன்றி சொல்லவேண்டியதும் நான்தான். சொன்னேன்.

10:44-க்குத் தரை. நிறுத்துமிடத்துக்கு ஐந்து நிமிடம். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். மூன்று நிமிடம் குறைவு.

அலெக்ஸ் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "மாலினி, கொஞ்சம் மெதுவா உருட்டட்டுமா?"

தொண்டை வரை வந்தது 'சரி சார்'.

"வேணாம் சார். பின்னாடி நூத்தம்பது பேர் இருக்காங்க."

எப்போதும் போகும் வேகத்திலேயே போனார். ஜன்னலுக்கு வெளியே ஈரப் புல். அழக்கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தரைக் கட்டுப்பாட்டிலிருந்து குரல்: உங்கள் இடத்தில் இன்னொரு விமானம் நிற்கிறது, அங்கேயே காத்திருங்கள்.

அலெக்ஸ் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டு அறிவித்தார். கேபினிலிருந்து ஸ்வேதா இன்டர்காமில்: "கேப்டன், ஒருத்தர் கத்துறார். சீக்கிரமா வந்து என்ன பிரயோஜனம்னு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தேன். 10:50. 10:51. 10:52. அலெக்ஸ் கை நீட்டினார். குலுக்கினேன்.

நிறுத்தியது 11:01. வந்தது 0:56. மொத்தம் 3000:09.

மஞ்சுநாத் இரண்டு முறை கூட்டிப் பார்த்து முத்திரை குத்தினார். "ஒன்பது நிமிஷம் ஜாஸ்தி மேடம்." அவரும் சிரித்தார்.

ஜூலை 14, திங்கள்

வெயில். பட்டியல் வந்தது. ஏழு பேர். ஐந்தாவது பெயர் என்னுடையது. நான்கு தடவை படித்தேன். செந்தில் ஆபீஸிலிருந்து பாதியில் வந்துவிட்டார். அப்பா ரேஷன் கடை வரிசையில் நின்ற எல்லோரிடமும் கன்னடத்தில் சொல்லியிருக்கிறார்.

நிலா: "அப்போ இத்தனை நாளா நீ ஓட்டலையாம்மா?"

ஜூலை 19, சனி

சிவாஜிநகரில் கூட்டம். யூனிஃபார்ம் தைக்கும் ரஹீம் பாய் கடை. தோள்பட்டைக்கு நான்கு தங்கக் கோடு கேட்டேன். இதுவரை மூன்று.

"எப்போ வேணும் மேடம்?"

சிமுலேட்டர் இருக்கிறது. இடது இருக்கையில் பயிற்சி இருக்கிறது. கடைசித் தேர்வு இருக்கிறது. எதிலும் தோற்கலாம்.

"டிசம்பர்ல" என்றேன். "இப்பவே அளவு எடுத்துக்கோங்க பாய்."