வெள்ளோட்டம் என்ற கோப்புறை

அக். 6, திங்கள்

கல்லூரி நூலக வரலாற்றில் குறித்து வைக்க வேண்டிய நாள். மூன்று நாள் யோசனைக்குப் பின், காப்பி கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் ஆய்வேடுகளை முன்கூட்டிப் போட்டுப் பார்க்கும் கோப்புறைக்குப் புதுப் பெயர் சூட்டுவதென்று காலை 10.15க்கு முடிவெடுத்தேன். இதுவரை அது ‘டெஸ்ட் 2’. துறைமுக ஊரில் இருபது வருஷமாக நூலகராக இருப்பவள் வைக்கிற பெயரா அது? ‘சோதனை’ என்று வைக்கலாம்தான். வருகிறவர்கள் ஏற்கெனவே பயந்திருக்கிறார்கள். ‘வெள்ளோட்டம்’ வென்றது. பெயரை மாற்ற வழியில்லை என்றது இயந்திரம். பழையதை நீக்கிவிட்டுப் புதிது திறந்தேன். எதிர்ப்பு ஏதும் எழவில்லை.

புழுக்கம். மழை என்கிறது நாளிதழ். வானம் அந்த நாளிதழ் வாங்குவதில்லை.

வாசலில் முதலாண்டுப் பையன்கள் இருவர்:

“ஏலே, எவன் எங்கன காப்பி அடிச்சாம்னு மேடத்துக்க மிஷின் சொல்லிருமாம்.”

“சதவீதம் போட்டுல்லா சொல்லுது. பத்துக்கு மேல போச்சுன்னா யுனிவர்சிட்டில வாங்க மாட்டாவ.”

“அப்ப பத்து வரைக்கும் அடிக்கலாமாலே?”

பேராசிரியர் கூட்டத்தில் இந்த அமைப்பைப் பற்றி யாரும் இவ்வளவு துல்லியமாகப் பேசியதில்லை.

மதியம் செல்வராணி. வணிகவியல் துறை, பகுதிநேர ஆய்வாளர், வேம்பாரிலிருந்து பஸ். உப்பளத்துப் பெண்களின் மருத்துவச் செலவு பற்றிய ஆய்வு. ஆறு வருஷம் ஆயிற்று. நீட்டிப்பு இரண்டும் தீர்ந்தன (ஒன்று பிரசவம், ஒன்று வெள்ளம்). இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் பல்கலைக்கழகத்தில் சேர்க்காவிட்டால் பதிவே ரத்து.

“மேடம், சும்மா ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க.”

என் கணக்கிலிருந்து, வெள்ளோட்டத்தின் முதல் கோப்பாக. நான்கு சதவீதம். காப்பி என்று சிவப்பில் காட்டியதில் பாதி, ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று உறுதி கூறும் பக்கம். எல்லா ஆய்வேட்டிலும் அது ஒரே பக்கம்தான்.

கருப்பட்டி அரைக் கிலோ கொண்டுவந்திருந்தாள். வாங்கக் கூடாதென்று விதி. வாங்கினேன்.

அக். 7, செவ்வாய்

வாங்க: பிரிண்டர் மை, எலிப்பொறி, முட்டை.

செல்வராணி நன்றியுரையில் ஒரு பெயர் சேர்க்க வந்தாள். மாமியார் பெயர். நெறியாளர் தங்கத்துரை சார் கையெழுத்திட மூன்று பேனா மாற்றினார். முதல் இரண்டும் எழுதத்தான் செய்தன.

அக். 8, புதன்

காலை 11. இறுதிக் கோப்பு, அவள் பெயரில், முறைப்படி. ஒருபுறம் செல்வராணி, மறுபுறம் தங்கத்துரை சார்.

தொண்ணூற்றேழு.

“என்னம்மா இது? யாருட்ட வாங்குன?”

“சார், நானே எழுதுனது சார். வீடு வீடாப் போயி கேட்டது.”

“நூத்தி நாப்பது பொம்பளைட்ட கேட்டேன்னுல்லா சொன்ன. இது எல்லாத்தையும் ஒரே பொம்பளைட்ட கேட்டாப்புல இருக்கே!”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அவள் அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். பிறகு போனாள்.

இருவரும் போன பின், எதிலிருந்து காப்பி என்று இயந்திரம் காட்டும் மூலத்தைத் திறந்து பார்த்தேன். இதே கல்லூரி. சமர்ப்பித்தவர்: நான். நாள்: திங்கள்.

சார் சொன்ன அந்த ஒரே பொம்பளை நான்தான்.

புதிதாகத் திறக்கும் கோப்புறை, போட்டதையெல்லாம் களஞ்சியத்தில் சேமித்து வைத்து, அடுத்து வருவதை அதோடு ஒப்பிடும். அதன் பிறவிக் குணம் அது. பழைய ‘டெஸ்ட் 2’வில் அதை என்றோ நிறுத்தி வைத்திருந்தேன். புதியதில் பெயரைத்தான் பார்த்தேன். ஆக, இயந்திரத்தின் கண்ணில் செல்வராணி என்னைப் பார்த்து எழுதியிருக்கிறாள். நான் உப்பளத்தில் கால் வைத்தவளில்லை.

இயந்திரத்தை விற்ற நிறுவனத்துக்கு மின்னஞ்சல்: கோப்பை நீக்கவும். உடனே தானியங்கிப் பதில்: முதல்வர் கடிதம் வேண்டும், கடிதம் வந்த பின் ஐந்து வேலை நாள்.

செல்வராணிக்கு போன் செய்யவில்லை. அதற்குப் பதில் செய்தவை: பதினான்கு புத்தகங்களுக்கு அட்டை ஒட்டியது. மின்விசிறி துடைத்தது. எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்தது.

அக். 9, வியாழன்

நூலகம் திறக்குமுன் வாசலில் நின்றாள். சொன்னேன். முழுவதும்.

“அப்ப தப்பு எம்மேல இல்ல?”

“இல்லம்மா.”

“ஒங்களுக்கு நேத்தே தெரியுமா?”

“தெரியும்.”

“நேத்து எங்க வீட்டுக்காரவ கேட்டாவ, நெசமாவே நீ எழுதலியான்னு. ஆறு வருசமா கூடவே பாத்தவ. மிஷின் சொல்லுதுன்ன உடனே அவ்வொளுக்கே சந்தேகம் வந்துட்டு. இத நீங்களே சொல்லிருங்க மேடம்.” போனைப் போட்டு என் கையில் கொடுத்தாள். சொன்னேன். அந்தப் பக்கமிருந்து “சரிங்க” என்று ஒரு சொல்.

அந்த ஒரு மூலத்தை மட்டும் விலக்கி அறிக்கை எடுக்கலாம், நான்கு வரும். விலக்கிய அறிக்கை செல்லாதென்று பல்கலைக்கழகச் சுற்றறிக்கை இருக்கிறது. போன வருஷம் அடிக்கோடிட்டு எல்லாத் துறைக்கும் அனுப்பியவள் நான்.

முதல்வரிடம் போனேன். நல்ல மனுஷர். “பல்கலைக்கழகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம், கம்பெனிக்கு ஒரு கடிதம். போட்டுருவோம் மேடம். பழைய மாடல் ஒண்ணு எடுங்க.”

அலுவலகக் கண்காணிப்பாளர் இரண்டு பீரோவைக் குடைந்தார். “லீவு கேட்ட மாடல் இருக்கு, கட்டடம் இடிஞ்ச மாடல் இருக்கு. இந்த ஆய்வேட்ட நான் எழுதலன்னு ஒருத்தர் எழுதிக் குடுத்த மாடல் கெடையவே கெடையாதே!”

மாடல் இல்லாத கடிதத்தை ஆய்வு நேர்மைக் குழு பார்க்க வேண்டுமாம். குழு நாளை 11 மணிக்கு.

எலி விழவில்லை. தேங்காய் போயிற்று.

அக். 10, வெள்ளி

குழு 11.50க்குக் கூடியது. டீ, கேக். நான் எழுதியிருந்தது: ‘நூலகரின் கவனக்குறைவால்’. குழு திருத்தியது: ‘தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால்’. தவிர்த்திருக்கலாம் என்றேன்.

“மேடம், கல்லூரி பேரு இருக்குல்லா?” என்றார் தங்கத்துரை சார்.

“செல்வராணி பேரும் இருக்கு சார்.”

இதில் ஒரு மணி நேரம். என் சொல் நின்றது. முத்திரை வைத்திருந்த பீரோவின் சாவி சாப்பிடப் போயிருந்தது. 2.40க்குக் கையெழுத்து. கம்பெனிக்கு மின்னஞ்சல் போயிற்று. நானும் செல்வராணியும் திருநெல்வேலி பஸ் பிடித்தோம். ஆய்வேட்டுப் பிரதிகள் ஐந்து, மடியில்.

பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவுக்குள் நுழைந்தபோது 4.35. அங்கிருந்தவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“நீங்க சொல்லுதது வெளங்குது மேடம். ஆனா அறிக்கைல தொண்ணூத்தேழுன்னுல்லா இருக்கு. கடிதத்தப் பின் பண்ணா அது கொறையுமா?”

கடிதத்தை வாங்கிக்கொண்டார். பிரதிகளைத் திருப்பித் தந்தார். ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்தினார்.

திரும்பும் பஸ் வாகைக்குளம் தாண்டியது. செல்வராணி, வெளியே பார்த்தபடி:

“வெள்ளோட்டம்னு நீங்களாத்தான் பேரு வச்சீங்களா மேடம்?”

“ஆமா.”

“நல்லாத்தான் இருக்கு.”

அக். 13, திங்கள்

தூறல். கருப்பட்டிப் பொட்டலம் இன்னும் பிரிக்கவில்லை. எறும்பு பிரித்துவிட்டது.

அக். 17, வெள்ளி

நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல்: கோப்புகள் நீக்கப்பட்டன, தங்கள் பொறுமைக்கு நன்றி. கண்காணிப்பாளர் என் கடிதத்தின் பிரதியை மாடல் கோப்பில் சேர்த்துவிட்டார்.

12.10க்கு செல்வராணியின் ஆய்வேட்டை மறுபடி போட்டுப் பார்த்தேன், சேமிக்காமல். நான்கு சதவீதம்.

பிற்பகல் தபாலில் அவளுடைய பதிவு ரத்து ஆணை. நகல் நூலகத்துக்கு.