மூன்றாம் கூடத்து விரிசல்

பதிவு 1. காலை 9.10
நிலவு, தென்துருவத் தளம். எழுதுபவர் ஜெசிந்தா, சமூக ஆய்வாளர். இங்குள்ள பொறியாளர்களின் தலைமையில் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அளப்பது என் வேலை. பொறியாளர்களில் பாதிப் பேர் பெண்கள். தலைமைக் குழுவில் ஒருவர்கூட இல்லை. காற்றழுத்தம் சீர். காபி வெறும் தண்ணீர்.

பதிவு 2. பகல் 11.40
பழைய எச்சரிக்கைகளைப் பிரித்துப் பார்த்தேன். ஆண்கள் கொடுத்தவற்றுக்குப் பெரும்பாலும் அன்றே ஆள் போயிருக்கிறது. பெண்கள் கொடுத்தவை 'மறுபரிசோதனை' என்று கிடப்பில். அதே கருவிகள், அதே அளவுகள். பெயர்கள்தான் வேறு.
கிடப்பில் கடைசியாக இருப்பது இன்று காலை வந்தது. மூன்றாம் கூடத்துச் சுவரில் விரிசல். கொடுத்தவள் பொற்கொடி, சுவர்களைப் பராமரிக்கும் பொறியாளர்.

பதிவு 3. பிற்பகல் 1.05
தளத் தலைவர் சேதுபதியை அழைத்தேன்.
"அந்தப் பொண்ணு எதுக்கெடுத்தாலும் பயப்படும் மேடம். நாளைக்குப் பாத்துக்கலாம். நீங்க உங்க கணக்கெடுப்பைப் பாருங்க."
பொற்கொடி விண்ணுடையை மாட்டிக்கொண்டு தனியாகக் கூடத்துக்குள் போய்விட்டாள். வானொலியில் சிரிக்கிறாள்: "யாரும் வரமாட்டாங்கக்கா. நானே அடைச்சிட்டு வந்துடுறேன்."

பதிவு 4. பிற்பகல் 1.50
சுவர் பிளந்துவிட்டது. கூடத்துக் கதவு தானாக மூடிக்கொண்டது. கூடத்துக்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள இடைவழியில் நின்று கண்ணாடி வழியே பார்க்கிறேன். விழுந்து கிடக்கிறாள். விரல்கள் அசைகின்றன.
சேதுபதி: "கதவைத் தொறக்காதீங்க! குழு கூடிப் பேசிட்டுச் சொல்றோம்."
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். விரல்கள் அசைவது நின்றுவிட்டது.

பதிவு 5. நேரம் பார்க்கவில்லை
எனக்குப் பின்னாலிருந்த தளத்துப் பக்கக் கதவைச் சாத்தினேன். உடை மாட்டினேன். உடையின் பூட்டு இரண்டு முறை நழுவியது. கூடத்துக் கதவைத் திறந்தேன். இழுத்து வந்துவிட்டேன். மூச்சு இருக்கிறது. பேச்சில்லை. இடைவழியில் நாங்கள் இருவர் மட்டும். இடைவழியில் காற்று போய்விட்டதால், தளத்துக்குப் போகும் கதவு திறக்க மறுக்கிறது.

பதிவு 6
சேதுபதியின் குரல். அவர் குரல் இப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.
"மேடம், முதல் கூடத்துச் சுவர்லயும் சத்தம் கேக்குது. எல்லாரும் இங்கதான் இருக்கோம். என்ன பண்ணணும்னு பொற்கொடிகிட்டக் கேளுங்க. அவங்க சொன்னா அப்படியே செய்றோம். சீக்கிரம்!"
அவள் தலைக்கவசத்தைத் தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை.
மறுபடியும் கேட்கிறார். அவருக்குப் பின்னால் யாரோ அழுகிறார்கள்.
பொற்கொடி, எழுந்திரு. உன்னைத்தான் கேட்கிறார்கள். எழுந்